திருவிழாவுக்குப் பூட்டிய வீடு

வெளிக்கதவில் பூட்டு தொங்கியது. நாங்கள் மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம்.

மே மாதத்து வெயில். தெருப்பக்கத்து ஜன்னல்கள் இரண்டையும் சாத்திவிட்டு, மின்விசிறியை இரண்டாம் நம்பரில் வைத்திருந்தோம். ஐந்தில் வைத்தால் அது போடும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். என் கணவர் லுங்கியை முழங்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டு வெறுந்தரையில் படுத்திருந்தார். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஜெனி போனை மௌனத்தில் போட்டுவிட்டு என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். நான் நைட்டியும் தோளில் துண்டுமாக, தும்மல் வந்தால் துண்டை வாயில் அடைத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

வெளியே எங்கள் ஊர்ச் சூசையப்பர் கோயில் திருவிழா. ஒலிபெருக்கியில் பாட்டு. பக்கத்து வீடுகளில் கறிக்குழம்பு கொதிக்கும் வாசனை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து சுற்றியது. எங்கள் அடுப்பு மட்டும் பற்றவில்லை. தாளித்தால் வாசனை காட்டிக்கொடுக்கும், குக்கர் வைத்தால் விசில் காட்டிக்கொடுக்கும்.

ஊரைப் பொறுத்தவரை அன்று நாங்கள் வேளாங்கண்ணியில் இருந்தோம்.

போன வாரம், வில்லியனூரில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையைப் பற்றி இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். முழு அட்டை வாங்கக் கட்டுப்படியாகாமல், “அஞ்சு மாத்திரை கட் பண்ணிக் குடும்மா” என்று கேட்பவர்களின் கதை. படித்துவிட்டு ஒரு தோழி, “ஊரார் சிக்கனத்தை எழுதுகிறாயே, உன் வீட்டுச் சிக்கனத்தை எழுத மாட்டாயா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால்தான் மானம் போனாலும் பரவாயில்லை என்று இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

சங்கராவிலிருந்து கருவாட்டுக்கு

இரண்டு மூன்று வருடங்களுக்கு முந்தைய கதை. என் கணவர் ராயப்பன் வேலை செய்யும் கம்பெனியில் ஓவர்டைம் நின்றுபோனது. சம்பளம் அப்படியே இருந்தது, சாமான் விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. எண்ணெய், பருப்பு, தக்காளி, கேஸ் என்று ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று. “ஒவ்வொண்ணா ஏறுனாலும் பரவால்ல, எல்லாம் கூட்டு சேந்துகினு ஏறுது” என்பார் இவர்.

நான் களத்தில் இறங்கினேன். லிட்டர் எண்ணெய் வாங்கிய வீட்டில் அரை லிட்டர் பாக்கெட் வந்தது. தக்காளி விற்ற விலைக்கு ரசம் புளியை மட்டும் நம்பிக்கொண்டது. அரை மூடித் தேங்காய் இரண்டு நாள் வந்தது. சாயங்கால டீயில் பாலை நிறுத்தினேன். கேபிளை வெட்டினேன். மூன்று போனுக்கும் நெட் போட்ட காலம் போய், ஜெனியின் போனுக்கு மட்டும் போட்டு அவளிடம் கடன் கேட்டு நின்றோம். அவள் அதற்கு ஒரு தலைக்கனம் வைத்துக்கொண்டாள்.

மீன் விஷயம்தான் வெளியே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அஞ்சலை மீன் விற்பவள். கடற்கரை ஊரில் பிறந்து, எங்கள் தெருவுக்கு வாடகைக்கு வந்தவள். விடிவதற்குள் போய் மீன் எடுத்து, மொபெட்டில் வைத்து ஊர் ஊராக விற்றுவிட்டுப் பத்து மணிக்குத் திரும்புவாள். அவள் பெட்டியைத் திறந்தால் யார் வீட்டில் எவ்வளவு வசதி என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சங்கரா எடுத்துக்கொண்டிருந்த நான் கானாங்கெளுத்திக்கு வந்தேன், அங்கிருந்து நெத்திலிக்கு, அங்கிருந்து கருவாட்டுக்கு.

“இன்னாக்கா, வாரத்துக்கு ஒண்ணு எறங்கினே வர. அடுத்த வாரம் மீன் கழுவுன தண்ணி எடுத்தாரட்டா?” என்றாள்.

“எடுத்தா. செடிக்கு ஊத்தலாம்” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு ஒரு கை நெத்திலியைச் சும்மா போட்டுவிட்டுப் போனாள்.

சிக்கனத்தில் ஒரு ருசி இருக்கிறது. ஒன்றைக் குறைத்துப் பழகிவிட்டால் கை சும்மா இருக்காது. எதைப் பார்த்தாலும் இதில் எதைக் கழிக்கலாம் என்றுதான் மனது போகும். சோப்பில் கழித்தேன், பஸ்ஸில் கழித்தேன், தலைக்கு வைக்கும் பூவில் கழித்தேன். கழிக்க வேறொன்றும் இல்லாமல் போனபோது என் கண் அண்ணன் மேல் விழுந்தது.

அண்ணனும் ஆட்டுக்கறியும்

என் அண்ணன் பெயர் சவரிநாதன். பாகூரில் இருக்கிறார். சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி. அறுப்புக் காலத்தில் நெல் மூட்டை, மற்ற நாட்களில் செங்கல், மணல், கல்யாண வீட்டு நாற்காலி என்று கிடைத்ததை ஏற்றுவார். எங்கள் அப்பா சீக்கிரம் போய்விட்டதால் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அவர்தான், கட்டிக்கொடுத்ததும் அவர்தான். எனக்கு இத்தனை வயதாகியும் அவருக்கு நான் பாப்பாதான்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்களுக்குள் ஒரு நடைமுறை. பொங்கலுக்கு அண்ணன் சீர் கொண்டு வருவார். ஊர்த் திருவிழாவுக்கு நான் அண்ணன் குடும்பத்தை அழைத்துக் கறிச்சோறு போடுவேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் திருவிழா என்றால் அப்படித்தான். கொடியேறிய அன்றே உறவுக்கெல்லாம் சொல்லியாக வேண்டும். தேர் அன்று வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறதோ அவ்வளவு பெருமை. என் மாமியார் இருந்த காலத்தில் செருப்பு குறைவாகத் தெரிந்தால் எங்கள் செருப்பையும் எடுத்து வெளியே போடுவார்.

அண்ணன் வந்தால் தனியாக வரமாட்டார். அண்ணி, பிள்ளைகள், அண்ணியின் தங்கை குடும்பம் என்று வண்டி நிறைய வரும். இறங்கும்போதே மாம்பழக் கூடை, பேக்கரி இனிப்புப் பெட்டி, எனக்குப் புடவை, ஜெனிக்கு வளையல். நான் மூன்று கிலோ ஆட்டுக்கறி எடுத்துப் பிரியாணி, வறுவல், எலும்புக் குழம்பு என்று செய்து, போகும்போது அண்ணிக்கு ஒரு புடவையும் கையில் ஒரு தூக்குக் குழம்பும் கொடுத்தனுப்புவேன். அவர் எனக்கு எடுத்ததும் நான் அண்ணிக்கு எடுத்ததும் ஏறக்குறைய ஒரே விலைப் புடவையாக இருக்கும். இரண்டு பேரும் அவரவர் புடவையை அவரவர் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த வருடம் பொங்கலுக்கு அண்ணன் வரவில்லை. காய்ச்சல் என்று போனில் சொன்னார். சீரையும் போனில் அனுப்பிவிட்டார். நான் கடையில் ஒருவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ‘டிங்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் சீர். கரும்பு இல்லை, மஞ்சள் கொத்து இல்லை, வெல்லம் இல்லை. வழக்கமாகச் செய்வதில் பாதிகூட இல்லை என்பதும் உறைத்தது.

“காய்ச்சல்னா பொங்கல் முடிஞ்சி வந்திருக்கலாம் இல்ல?” என்று இவரிடம் கேட்டேன்.

“வண்டி ஓட்டம் இருந்திருக்கும். விடுடி” என்றார்.

நான் விடவில்லை. அண்ணன் மாறிவிட்டார் என்று மனதுக்குள் முடிவு செய்தேன். அந்தப் பணத்தில் கேஸ் சிலிண்டர் வாங்கியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மாதா பேரில் ஒரு பொய்

ஏப்ரல் கடைசியில் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. ஆட்டுக்கறி விலையை விசாரித்துவிட்டு வந்த இவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அதே மாதம் ஜெனிக்குக் கல்லூரியில் கட்ட வேண்டியது வேறு இருந்தது.

“கோழி போடலாமா?” என்றார்.

“எங்க அண்ணனுக்கு பிராய்லரா?” என்றேன். யார்மேல் கோபமாக இருந்தேனோ அந்த அண்ணனுக்காகத்தான் அந்த ரோஷமும்.

கோழி போட்டால் அண்ணி ஊருக்குப் போய் என்ன சொல்வாள் என்று நினைத்தேன். அழைக்காமல் விட்டால் அண்ணன் என்ன நினைப்பார் என்று நினைத்தேன். கஷ்டம் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கட்டிக்கொடுத்த அண்ணனிடம் போய்க் கஷ்டம் என்று சொன்னால், கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை என்று சொல்வதாக ஆகிவிடும். இவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு அது முடியவில்லை.

இரண்டு நாள் யோசித்து வேளாங்கண்ணியைக் கண்டுபிடித்தேன். வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் எங்கள் சனத்தில் மேலே ஒரு கேள்வி வராது. எதற்கு வேண்டிக்கொண்டாய் என்றுகூடக் கேட்க மாட்டார்கள்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். “அண்ணே, இந்த வருஷம் திருவிழாவுக்கு நாங்க வூட்ல இருக்க மாட்டோம். வேளாங்கண்ணிக்கி ஒரு வேண்டுதல் இருக்குது. அந்தத் தேதி தான் தோது” என்றேன்.

“அப்டியா பாப்பா. நல்லபடியா போய்ட்டு வாங்க” என்றார்.

உடனே சொன்னார். ஒரு மூச்சு கூட விடாமல் சொன்னார். அவர் குரலில் இருந்தது நிம்மதி, எனக்கு நன்றாகத் தெரிந்தது. போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். வரவேண்டாம் என்று பொய் சொன்னது நான். சரி என்று அவர் சொன்னதற்கு அழுததும் நானே. இருபத்திரண்டு வருடத்தில் அண்ணன் வராத முதல் திருவிழா அது. ஒரு வருடம் விட்டால் அடுத்த வருடம் விடுவது சுலபம் என்று எனக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் அப்படித்தான் கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் என்று ஆகிப்போகிறார்கள். என் அண்ணனும் அந்தக் கணக்கில் போய்விடுவாரோ என்ற பயம் அன்றைக்குத்தான் வந்தது.

பொய்க்குக் கால் வேண்டுமே. தேர் அன்று நிஜமாகவே எங்காவது போகலாம் என்றால் மூன்று பேருக்குப் பஸ் காசு. வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று இவர் சொன்னார். அண்ணனுக்கு எங்கள் தெருவில் தெரிந்தவர்கள் உண்டு, அதனால் தெருவையும் ஏமாற்ற வேண்டியிருந்தது. அஞ்சலையிடம் மட்டும் சொன்னேன். விடியற்காலையில் அவள் வந்து வெளியே பூட்டிவிட்டுப் போனாள். எங்கள் பூட்டு துருப்பிடித்திருந்ததால் தன் மீன் பெட்டிப் பூட்டைப் போட்டாள். கதவிடுக்கில் அந்த வாடை நாள் முழுக்க வந்தது.

இதைப் பிறகு கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது பங்குச் சாமியாரிடம் சொன்னேன். சாமியார் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. இருமினாரா சிரித்தாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம். மூன்று முறை ‘அருள்நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொன்னார். மாதா பேரில் சொன்ன பொய்க்கு மாதாவிடமே அனுப்பிவிட்டார்.

தேர் வரும் என்பதை மறந்தோம்

மத்தியானம் தண்ணீர் ஊற்றிய பழையதைச் சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டோம். வெங்காயத்தைக் கடிக்கும் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கோயில் பக்கம் பேண்டு வாத்தியம் ஆரம்பித்தது.

“ம்மா, தேர் வருமே” என்றாள் ஜெனி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செருப்பை உள்ளே எடுத்து வைத்தேன், பால்காரரிடம் வேண்டாம் என்று சொன்னேன், கொடியில் காய்ந்த துணியைக்கூட எடுத்தேன். தேரை மறந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் தேர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். வாசலில் ஒரு நாற்காலியோ ஸ்டூலோ போட்டு, வெள்ளைத்துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி வைத்திருப்போம். சாமியார் மந்திரித்த தண்ணீர் தெளித்து அந்த வீட்டுக்காக ஒரு ஜெபம் சொல்வார். நாங்கள் தேர்மேல் உப்பும் மிளகும் போடுவோம். ஊருக்குப் போனவர்கள் வீடானாலும் பக்கத்து வீட்டில் சொல்லி ஒரு வத்தியாவது ஏற்றி வைக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். வீடு இருட்டாகக் கிடக்கத் தேர் தாண்டிப் போனால் அந்த வருடம் அந்த வீட்டுக்கு ஆகாது என்று பேச்சு. அஞ்சலையிடம் அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வேறு மதக்காரியான அவளுக்கும் தெரியவில்லை.

“இப்ப இன்னாங்க பண்றது?” என்று கிசுகிசுத்தேன்.

“நாம உள்ள தான் இருக்கோம்னு சூசையப்பருக்குத் தெரியும்” என்றார் இவர், படுத்த வாக்கிலேயே.

“தெரியறதுதான் பயமா இருக்குது.”

“அப்ப நீ போய் ஏத்து. வேளாங்கண்ணிலேர்ந்து கை நீட்டி ஏத்துனேன்னு சொல்லு.”

ஜெனிக்குச் சிரிப்பு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டுக்கு நான் வந்ததிலிருந்து ஒரு வருடமும் வாசல் இருட்டாக இருந்ததில்லை. காசு இல்லாமல் போனது ஒன்றும் பெரிய விஷயமில்லை, காசு இல்லாததை மறைக்கப் போய் வாசலை இருட்டாக்கிவிட்டோமே என்றுதான் இருந்தது.

பேண்டு சத்தம் எங்கள் தெருமுனைக்கு வந்தது. பொழுது சாய்ந்து, விளக்கு வைக்கும் நேரம். பொறுக்க முடியாமல் ஜன்னல் பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன்.

எங்கள் வாசற்படியில் ஒரு ஆள் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார்.

பஸ்ஸில் வந்த கசங்கல் சட்டை. பக்கத்தில் ஒரு மெழுகுவத்திப் பாக்கெட், ஒரு தீப்பெட்டி. காற்று வீசிக்கொண்டிருந்தது. அவர் ஏற்றுவார், அது அணையும். மறுபடி ஏற்றுவார். கடைசியில் படியில் மெழுகைச் சொட்டவிட்டு வத்தியை நட்டு, இரண்டு கையாலும் காற்றை மறைத்துப் பிடித்துக்கொண்டார். வெளிச்சத்தில் பாதி முகம் தெரிந்தது.

“ம்மா, மாமாம்மா” என்றாள் ஜெனி. அவளும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்திருக்கிறாள்.

இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

தேர் வந்து நின்றது. வாத்தியம் அடங்கியது. பூட்டையும் படியில் இருந்த ஆளையும் பார்த்துவிட்டு, “வீட்டுக்காரங்க எங்க?” என்று சாமியார் கேட்பது தெளிவாகக் கேட்டது.

அண்ணன் வத்தியிலிருந்து கையை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். “வேளாங்கண்ணி போயிருக்காங்க சாமி. வேண்டுதல். நான் அவ அண்ணன். வூடு இருட்டா இருக்கக்கூடாதேன்னு வந்தேன். எங்க பாப்பாவுக்காவ ஒரு ஜெபம் சொல்லிட்டுப் போங்க.”

நான் சொன்ன பொய்யை, உண்மை என்று நம்பி, அத்தனை பேர் முன்னால் சூசையப்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் என் அண்ணன். அதற்குமேல் என்னால் உள்ளே இருக்க முடியவில்லை.

பின்வாசல் வழியாக

இவர் கையைப் பிடித்தார். “தெருவே நிக்குதுடி.”

“நிக்கட்டும்” என்றேன்.

பின்கதவைத் திறந்து, துணி துவைக்கும் கல்லைத் தாண்டி, சாக்கடை ஓரமாகச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினேன். வாசலுக்கு வந்து நின்றபோதுதான் நைட்டியில் இருப்பது நினைவுக்கு வந்தது. துண்டை நன்றாகப் போர்த்திக்கொண்டேன். தேர், சாமியார், பேண்டு செட்டு, தெரு சனம் என்று எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

முதலில் வாய் திறந்தது அஞ்சலைதான். “யக்கா, அதுக்குள்ள வேளாங்கண்ணி போய்ட்டு வந்துட்டியா?”

அவள் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள் என்று பின்னால் சத்தியம் செய்தாள். தெருவே கொல்லென்று சிரித்தது. சாமியார் சிரிக்கவில்லை. தண்ணீரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே என்மேல் தெளித்துவிட்டு, ஜெபத்தைச் சொல்லி முடித்தார். தேர் நகர்ந்தது.

அண்ணன் மட்டும் சிரிக்காமல் நின்றார். “பாப்பா, உள்ளயா இருந்த?”

தலையை ஆட்டினேன்.

“நான் வரக்கூடாதுன்னா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பொய் மிச்சம் இல்லை. “கறி எடுக்க முடியலண்ணே” என்றேன்.  இவர் வேலையில் ஓவர்டைம் நின்றது, பீஸ், மீன் இறங்கியது எல்லாவற்றையும் வாசலிலேயே கொட்டினேன்.

அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “அட லூசே” என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வண்டிக்கி டயர் மாத்த முடியாம ஆறு மாசமா ஓட்டமே பாதி தான். பொங்கலுக்குக் காய்ச்சல்லாம் இல்ல. கூடை கட்டி எடுத்தாற முடியல. திருவிழாவுக்கு எந்த மூஞ்ச வெச்சிகினு வர்றதுன்னு உங்கண்ணியும் நானும் ஒரே ரோசன. நீ வேளாங்கண்ணி போறேன்ன பாரு, அப்பதான் எனக்கு மூச்சே வந்துது.”

“அப்பறம் ஏண்ணே வந்த?”

“நீ தான் இல்லியே. பழம் வாணாம், புடவ வாணாம். வத்தி ஏத்திட்டு ஏழர பஸ்ஸப் புடிச்சிப் போயிரலாம்னு வந்தேன்.” தீப்பெட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே, “வராம இருக்க முடியல” என்றார்.

நான் இல்லாத வீட்டுக்குத்தான் என் அண்ணனால் நிம்மதியாக வர முடிந்திருக்கிறது. இரண்டு குடும்பமும் சேர்ந்து அவ்வளவு மரியாதை செய்து வைத்திருக்கிறோம். வாசலில் இத்தனை பேர் போகிற வருகிற நேரத்தில் அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அவரும் அழுதார். இவர் பின்பக்கமாக வந்து, என்ன செய்வது என்று தெரியாமல், வத்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

அஞ்சலை இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். வீட்டில் இருந்தது மத்தியானத்துப் பழையது மட்டும்தான். அவசரமாக உலை வைக்கப் போன என்னை அண்ணன் தடுத்தார். ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு, மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு, நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தோம். அஞ்சலை தன் வீட்டுச் சட்டியிலிருந்து நெத்திலிக் குழம்பு கொண்டுவந்து வைத்தாள்.

“மச்சான், வருஷா வருஷம் எங்க வூட்டுப் பிரியாணிய பத்தி ஒண்ணு சொல்லணும்” என்றார் இவர். “மூணு கிலோ கறிய அடுப்புல வெச்சிட்டு, போதுமா போதாதான்னு நாங்க ரெண்டு பேரும் அன்னிக்கு ஒரு வாய் நிம்மதியா தின்னதில்ல.”

“எனக்கு மட்டும் எறங்குச்சின்னு நெனச்சியா மாப்ள?” என்றார் அண்ணன். “நான் எடுத்தாந்த கூடைய யாரு பிரிச்சிப் பாக்கறாங்க, முகம் எப்டி போவுதுன்னே பாத்துகினு இருப்பேன்.”

அன்று அவர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஏழரை பஸ்ஸை விட்டுவிட்டார். விடிந்துதான் போனார்.

இப்போது

பெரிய தீர்மானமெல்லாம் போடவில்லை. இனிமேல் சீரும் இல்லை, விருந்தும் இல்லை, வருவதும் போவதும் மட்டும் என்று அண்ணியிடம் போனில் நானே பேசினேன்.  “மொதல்லயே சொல்லியிருந்தா நானே வந்திருப்பனே” என்றாள் அண்ணி. அவளைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்ததை எல்லாம் மெதுவாக எடுத்துக் கீழே வைத்தேன்.

விலைவாசி ஒன்றும் இறங்கிவிடவில்லை. தக்காளி இன்றைக்கும் அதன் இஷ்டத்துக்குத்தான் இருக்கிறது. நான் இன்னும் அரை லிட்டர் பாக்கெட்தான் வாங்குகிறேன். ஜெனி படிப்பை முடித்து வேலை தேடுகிறாள். அண்ணன் வண்டிக்கு இரண்டு டயர் மாற்றிவிட்டார், இன்னும் இரண்டு பாக்கி. ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை பார்த்த அண்ணனை இப்போது மாதம் ஒருமுறை பார்க்கிறேன். வில்லியனூர் பக்கம் லோடு வந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து, இருப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். பால் இல்லாத டீயைக் குறை சொல்லிக்கொண்டே குடிக்கிறார்.

எங்கள் தெருவில் என்னை இன்றைக்கும் ‘வேளாங்கண்ணி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேலிதான். ஆனால் அடுத்த திருவிழாவுக்கு முன்னால் தெருவில் இரண்டு பெண்கள் தனித்தனியாக என்னிடம் வந்து, “சீரு, விருந்தெல்லாம் நீ இன்னான்னு சொல்லி நிறுத்துன?” என்று ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். இருக்கிறதை இருக்கிற மாதிரி சொன்னேன் என்றேன். அவர்களும் சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை. அந்த வருடம் தெருவில் கறி வாசனை கொஞ்சம் குறைவாக இருந்தது, செருப்பு குறையவில்லை.

அந்தத் திருவிழாவுக்கு அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளும் பாகூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நான் கத்தரிக்காய்க் குழம்பும் முட்டையும் செய்துவிட்டு வாசலில் வெள்ளைத்துணி விரித்துக்கொண்டிருந்தேன். அண்ணி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். அண்ணன்தான் படிக்குக் கீழேயே தயங்கினார். கூடை பிடித்துப் பழகிய கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டைப்பையில் விட்டார், எடுத்தார், பின்னால் கட்டினார்.

ஜெனி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். “மாமா, இன்னா வாங்கினு வந்த?”

“ஒண்ணும் வாங்கல கண்ணு” என்றார். கேட்கவே கூச்சமாக இருந்த குரல்.

“அப்ப வா உள்ள” என்று சொல்லி, அவள் அந்த இரண்டு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.